சலீம் நானா ஏற்றிய நாலு மூட்டை

பாண் ரொட்டி விற்கும் ஆட்டோக்காரர் எங்கள் தோட்ட லயத்து வாசலில் நிறுத்தி, பாணைக் கையில் கொடுக்கும் முன்பே செய்தியைச் சொல்லிவிட்டார். "பெரகல சலீம் நானா மவுத்தாயிட்டாராம் அக்கா. பகல் தொழுகையோட அடக்கமாம்." நான் கொஸ்லந்தயில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவர் மனைவியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதை அங்கேயும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அவரைப் பற்றி ஒரு கெட்ட பேச்சை இந்தப் பக்கமெல்லாம் கிளப்பிவிட்டவள் நான். அதைத் திரும்ப எடுக்காமலே அவரை அனுப்பிவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் கடைசிவரை படிக்க வேண்டும்.

எங்கள் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். அவரிடம் இருந்தது ஒரு பழைய கெப் வண்டி. முன்னால் மூன்று பேர் இருக்கலாம், பின்னால் திறந்த தட்டு. பெரகலயிலிருந்து கீழே உள்ள தோட்டங்களுக்கு மரக்கறி, உரம், கல்யாணச் சாமான், சீக்காளி எல்லாம் அதில்தான் போய்வந்தது. அந்த வண்டியில் கெபினுக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும். மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் ஊற்றும். "என்னா நானா, வண்டி ரெண்டா ஒடஞ்சு கெடக்கு, ஒட்ட மாட்டீங்களா?" என்று நான் ஒருநாள் கேலி செய்தேன். "ஒட்டினாத்தான் ஒடையும் தங்கச்சி. குண்டு குழியில அடிச்சட்டம் முறுகும். கெபின் ஒரு பக்கம் சாயும், தட்டு இன்னொரு பக்கம் சாயும். அதுக்குத்தான் கம்பெனிக்காரன் தனித்தனியா வச்சிருக்கான்" என்றார். நான் நம்பவில்லை. எங்கள் தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவும் நம்பாமல், தன் கெப்பில் அந்த இடைவெளியைத் தகடு வைத்து ஒட்ட வைத்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே தகடு கிழிந்துவிட்டது. என் பிள்ளைப்பேறு லீவில் மூன்று நாளை வெட்டின ஆள் அவர். அதனால் பெயரை எழுத மாட்டேன்.

ஒருமுறை திருவிழாவுக்குச் சாமான் வாங்க எட்டுப் பெண்கள் போனோம். காற்று வாங்கலாம் என்று எல்லாரும் பின்கதவு ஓரமாகப் போய் உட்கார்ந்தோம். நானா இறங்கி வந்துவிட்டார். "எல்லாரும் கெபின் பக்கம் வாங்க. பின்னால பாரம் கூடினா முன் சக்கரம் லேசாயிரும். ஸ்டேரிங் என் கையில இருக்கும், ரோட்டுல இருக்காது." எங்களில் பாக்கியம் கொஞ்சம் பருத்த உடம்பு. "என்னைய மட்டும் ஏன் நானா கெபினோட ஒட்டி ஒக்காரச் சொல்றீங்க?" என்று முறைத்தாள். "நல்ல பாரத்த நல்ல எடத்துல வைக்கணும் பாக்கியம்" என்றார். பதுளை போய்ச் சேரும்வரை சிரித்தோம். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். என் மகள் மல்லிகாவுக்குத் தலைப்பிரசவம். தோட்டத்து டிஸ்பென்சரியில், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். தோட்டத்து வண்டி பழுது. சலீம் நானாவுக்குச் சொல்லி அனுப்பினோம், உடனே வந்தார். மல்லிகாவால் உட்கார முடியவில்லை. தட்டில் மெத்தை விரித்துப் படுக்க வைத்து, மேலே வெயிலுக்குப் படங்கு கட்டினோம். கொஸ்லந்தயில் வெயில் அடித்தது. ஒவ்வொரு குழிக்கும் தட்டு எங்களைத் தூக்கிப் போட்டது, அவள் கத்தினாள். பெரகலயில் மழை பிடித்துக்கொண்டது. சந்தியில் வண்டியை நிறுத்தினார். கடைக்குள் போய் நாலு உருளைக்கிழங்கு மூட்டையைச் சுமந்து வந்து, பின் சக்கரத்துக்கு மேலே, மெத்தைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக அடுக்கினார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "என் புள்ள இங்க துடிக்குது, ஒனக்கு இந்த நேரத்துல கிழங்கு ஏத்துற ஹயர் கேக்குதா?" என்று கத்தினேன். "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி" என்றார். மூட்டை அசையாமல் கயிறு போட்டு இறுக்கிவிட்டுத்தான் ஏறினார். ஹப்புத்தளை ஏற்றத்தில் மல்லிகாவின் கத்தல் குறைந்தது. வலி விட்டிருக்கிறது என்று நினைத்தேன். வண்டி உதைப்பதை விட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி, "இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டுவிட்டாள். அது போதாதா எனக்கு! சம்பள நாளில் தோட்டத்துக் கடை வாசலில் அத்தனை பேரும் நிற்கும்போது, "கிழங்கு மூட்டைக்காக என் மகள் உயிரோட வெளையாடின ஆளு" என்று கையை நீட்டிச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் லயங்களில் சீக்காளி ஏற்ற யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பேத்தியின் பெயர் வைக்கும் விசேஷத்துக்கும் நான் சொல்லவில்லை. அவர் எங்கேயும் வந்து எதிர்ப்பேச்சுப் பேசவில்லை.

பல வருஷம் கழித்து, வேறொரு டிரைவரின் கெப்பில் பதுளையிலிருந்து வந்தேன். நல்ல மழை, தட்டு காலி. ஹப்புத்தளைக்குக் கீழே ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் தானாக வழுக்கி மண்மேட்டில் போய் இடித்து நின்றது. டிரைவர் இறங்கிப் பின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "வெறும் வண்டிங்க ஆச்சி. இதோட அடியில இருக்கிற வில் பட்டையெல்லாம் பாரத்துக்குன்னே செஞ்சது. பாரம் இல்லாட்டி உதைக்கும், பின் சக்கரம் ரோட்டப் பிடிக்காது. சில கெப்புல பின் பிரேக்குக்கே ஒரு கம்பி இருக்கு, பாரம் எவ்வளவுன்னு பாத்துத்தான் பிடிக்க விடும். நாந்தான் சோம்பேறித்தனமா வந்துட்டேன். பெரகல சலீம் நானா மழையில ரெண்டு கல்லு மூட்டையாவது போடாம வண்டிய எடுக்க மாட்டாரு."

அடுத்த நாளே பெரகலவுக்குப் போனேன். தேத்தண்ணிக் கடை முன்னால் நின்றிருந்தார், தாடி வெளுத்திருந்தது.

"அன்னைக்கே ஏன் நானா சொல்லல?" என்று கேட்டேன்.

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. "வண்டி வழுக்கும்னு சொன்னா நீங்க பயந்திருப்பீங்க. அந்தப் புள்ள அதக் கேட்டுட்டு எப்படித் தட்டுல படுத்திருக்கும்?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே!"

"அப்புறம் நீங்க எங்க தங்கச்சி பேச விட்டீங்க?" என்று சிரித்தார். எனக்கும் ஒரு தேத்தண்ணி சொன்னார்.

சொன்ன இடத்திலேயே போய் மாற்றிச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். திருவிழாவில் சொல்லலாம் என்று ஒரு வருஷம், முழங்கால் வலி என்று ஒரு வருஷம். உண்மையான காரணம் வெட்கம்தான். நான் சொன்னது தப்பு என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

அன்று கடை வாசலில் கேட்டவர்களில் பாதிப்பேர் இன்றும் இருக்கிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாலு மூட்டையும் என் மகளுக்காக ஏற்றியது. மல்லிகாவையும் பேத்தியையும் உயிரோடு பதுளையில் இறக்கியவர் சலீம் நானா. நான் சொன்னது பொய். நான் சொல்லித்தான் நீங்கள் அவரை ஒதுக்கினீர்கள், அந்தப் பாவம் உங்களுக்கு இல்லை, எனக்கு.

அந்தப் பழைய கோபம் எல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் இருக்கிறது. அத்தனை வருஷமும் அவர் கெப் எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போய்வந்தது. ஒருநாளாவது நிறுத்தி, "அடி கிறுக்கி, வாய மூடிட்டு நான் சொல்றதக் கேளு" என்று என்னை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதை நான் விடுவதாக இல்லை.