சுமார் பிகர்

நாகராஜனுக்குப் பெண் என்றால் பிகர்தான். பஸ்ஸில் ஏறுகிறவள், பாங்கில் சலான் வாங்குகிறவள், டிவியில் செய்தி வாசிக்கிறவள், எல்லாமே பிகர். அதிலும் தரம் பிரித்து வைத்திருந்தார்: சூப்பர் பிகர், சுமார் பிகர், அட்டு பிகர். வயது ஐம்பத்தாறு. தொண்ணூறுகளில் அரக்கோணம் பிளாட்பாரத்தில் அவரோடு நின்று இந்த வார்த்தையைப் பழகியவர்கள்கூடப் பேரன் பேத்தி எடுத்து வாயை அடக்கிக்கொண்டார்கள். இவர் வாய்க்குத்தான் பூட்டு இல்லை.

அவர் மனைவி கமலா. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, திருத்தணியில் இன்னொரு தறிக்காரக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நாகராஜன் கூட்டாளியிடம், "பிகரு சுமாராத்தான் கீது, பரவால்ல" என்று சொன்னது ஜன்னல் வழியாக அவள் காதில் விழுந்தது. ஏதோ இங்கிலீஷில் குணத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள், பாவம். கல்யாணமாகி ஒரு மாதத்தில் விளங்கிவிட்டது. மூஞ்சியையும் மாரையும் இடுப்பையும் பார்த்து, உள்ளே ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதையே விட்டுவிட்டு மார்க் போடுகிற வார்த்தை அது. அன்றைக்குக் குமட்டியது அவளுக்கு இன்னும் குமட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்தபோது, கட்டில் ஓரத்தில் நின்று தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார் இந்த மனுஷர். "டாக்டரம்மா சூப்பர் பிகருடா!" தையல் போட்ட வயிற்றோடு படுத்திருக்கிறவள் என்ன செய்வாள்? முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபிறகு திட்டினாள். "இன்னாடி, பாராட்டித்தானே சொன்னேன்?" என்றார். அசிங்கத்தை அசிங்கம் என்றே தெரியாதவரிடம் என்ன பேசுவது?

ஒரே ஆறுதல், மகன் விஷ்ணு. அவன் வாயில் அந்த வார்த்தை ஒரு நாளும் வந்ததில்லை. அப்பனோடு இந்தச் சாக்கடை நின்றுவிடும் என்று நம்பினாள். அவனுக்கு முப்பத்தொன்று ஆகியும் பெண் அமையவில்லை. எத்தனையோ ஜாதகம் தட்டிப்போனபிறகு தீபாவின் ஜாதகம் பொருந்தி வந்தது. இதுவாவது முடிய வேண்டுமே என்று கமலா ஆறு கிருத்திகை விரதம் இருந்தாள்.

பெண் பார்ப்பது மலைமேல் என்று ஏற்பாடு. கோயிலுக்கு வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்ததுபோல இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் பிரசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். பெண்ணுக்கும் ஒரு பேச்சு வராது.

தரிசனம் முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். தீபா கமலாவின் பக்கத்தில் வந்து, "முட்டி வலின்னு சொன்னாங்களே அத்தை, படி ஏறியா வந்தீங்க?" என்று கேட்டாள். கமலாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. இவள்தான் மருமகள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து நாகராஜன் மகன் தோளில் தட்டினார். குரலைத் தாழ்த்தத் தெரியாத மனுஷர். "பிகரு சூப்பர்டா!"

தீபா தலையைக் குனிந்துகொண்டாள். கமலா மகனைப் பார்த்தாள். கோபப்படுவான், அப்பனை ஒரு அதட்டு அதட்டுவான் என்று பார்த்தாள்.

விஷ்ணு சிரித்தான். "அய்ய, நைனா, இன்னும் பிகருன்னு சொல்லிகினு கீறியா? அதெல்லாம் அந்தக் காலம். இப்ப பீஸுன்னு சொல்லணும். செம பீஸு."

வார்த்தை பழசாகிவிட்டதுதான் அவனுக்குக் குறை. பெற்ற பிள்ளையைப் பார்க்கவே கமலாவுக்கு அருவருப்பாக இருந்தது.

தீபாவின் அம்மா தேவயானிக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவள் கஷ்டப்பட்டுச் சிரித்தாள். "ஆம்பளைங்க அப்படித்தான் பேசுவாங்கக்கா. வூட்டுக்குள்ள நீங்க கீறீங்களே, எங்களுக்கு அது போதும்."

"நான் முப்பத்திரெண்டு வருசமா கீறேன்மா," என்றாள் கமலா. "அப்பனையும் திருத்த முடியல, புள்ளையையும் திருத்த முடியல. எங்க வூட்டுக்கு இவள குடுக்காதீங்க. கூட்டிகினு எறங்குங்க."

தீபாதான் முதலில் எழுந்தாள்.