உப்புப் பார்க்கும் உத்தியோகம்

போன ஞாயிற்றுக்கிழமை மொன்றியலில் எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டுக் குசினியில் இறைச்சிக் கறி கொதிக்கும் மணம் வந்ததும், என் கால்கள் என்னைக் கேட்காமலே அடுப்படிக்குப் போய் நின்றன. கையும் கேட்கவில்லை, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தானாக நீண்டது. மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குழிக்குள் பிரஷர் குளிசையை வைத்தாள். "உங்களுக்கு இனி உதுதானப்பா உப்பு," என்றாள். டாக்டர் பிரெஞ்சில் அரை மணி நேரம் விளக்கியது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

இதில் என்ன துக்கம் என்று நீங்கள் கேட்கலாம். உப்புப் பார்ப்பது மற்றவர்களுக்குப் பழக்கம்; எனக்குத் தொழில். கனடாவில் நான் சம்பளம் வாங்கிய முதல் வேலையே அதுதான். பின்னாளில் துறைமுகப் பக்கத்துப் பண்டகசாலை ஒன்றில் வேலை கேட்டபோது, முன் அனுபவம் என்ன என்றார்கள். 'தரக் கட்டுப்பாடு' என்றேன். பொய் இல்லையே.

அந்த உத்தியோகத்தைத் தந்தவர் ஆமி அண்ணை. ஆமிக்குப் பயந்து ஓடிவந்த எங்கள் கூட்டத்துக்குள் ஆமி என்ற பட்டத்தோடு மரியாதையாக நடமாடியவர் அவர் ஒருவர்தான். சண்டை தொடங்குவதற்கு வெகு காலம் முன், நாடு சிலோன் என்ற பெயரில் இருந்தபோது, பட்டாளத்தில் சேர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவர். அணிவகுப்பில் ஏதோ கேள்வி கேட்டதற்குத் தண்டனையாகக் குசினிக்கு அனுப்பினார்களாம். தண்டனை முடிந்த பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. "துவக்குப் பிடிச்சு நிண்டவனை ஒருத்தனும் தேடேல்லை. அகப்பை பிடிச்சாப்பிறகு எல்லாரும் தேடி வந்தாங்கள்," என்பார்.

பிறகு அகதியாக மொன்றியலுக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவிச் சலித்து, அல்பேர்ட்டாவில் மலையடிவாரத்து மாட்டுப் பண்ணை ஒன்றுக்குச் சமையற்காரராகப் போய்விட்டார். பட்டாளத்துக்கே சமைத்தவன் என்று சொல்லி வேலை எடுத்தார், அது உண்மை. மாட்டிறைச்சியை வாழ்நாளில் வாயில் வைத்ததில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். அவர்கள் கேட்கவில்லை.

ஆனால் அங்கே தொப்பி போட்ட மனிதர்கள் மூன்று வேளையும் மாடு தின்றார்கள். இறைச்சி வெந்ததை ஆமி அண்ணை மணத்திலேயே பிடித்துவிடுவார். உப்புக்குத்தான் மணம் இல்லையே! அதற்கென்று ஒரு பிலிப்பினோக்காரனை உதவிக்கு வைத்திருந்தார். அவன் கலியாணம் கட்டிக்கொண்டு போய்விட, அடுத்த ஆளைத் தேடிக் குளிர்கால விடுமுறையில் மொன்றியலுக்கு வந்தார். கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த அறையில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேர்முகத் தேர்வு நடத்தினார்.

"நீ மன்னார் வேதக்காரனெல்லே?"

"ஓம் அண்ணை."

"மாடு தின்னுவியே?"

"கிடைச்சால் தின்னுவன்."

"அப்ப வெளிக்கிடு."

என் தகைமையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் இவ்வளவு நுட்பமாகச் சோதித்ததில்லை.

அந்தக் குசினி ஒரு சின்னப் பாசறை. கரண்டிகள் உயரப்படி வரிசையில் நின்றன. வாசலில் ஒரு முக்கோண இரும்பு தொங்கியது; சாப்பாட்டு நேரத்துக்கு ஆமி அண்ணை அதை அடித்தால் குதிரைகள்கூடத் திரும்பிப் பார்க்கும். பண்ணை ஆட்கள் அவரைச் சார்ஜன்ட் என்று கூப்பிட்டார்கள். பட்டாளம் அவருக்கு அந்தப் பதவியைக் கொடுத்ததில்லை. அவர் மறுக்கவும் இல்லை. குழம்பில் ஒருவருக்கும் தெரியாமல் மிளகும் சீரகமும் போடுவார். கொதி வந்ததும் அகப்பை என் பக்கம் திரும்பும். உள்ளங்கையில் ஒரு சொட்டு. நான் நக்கிவிட்டு, கண்ணை மூடி, பெரிய நீதிபதிபோல் தீர்ப்புச் சொல்வேன். எல்லோரும் தின்று முடிந்ததும், ஆமி அண்ணை சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சோறும் பருப்பும் சாப்பிடுவார்.

கதவைச் சாத்தியதற்குக் காரணம் உண்டு. முதலாளி, நாங்கள் பெரியவர் என்போம், தன் மாட்டிறைச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசுகிறவர். அந்த மாட்டைச் சமைக்கிறவனே தொடுவதில்லை என்று வெளியே தெரிந்தால் மானம் போகாதா? போதாததற்கு, படித்துவிட்டு வந்த மகன், சமையற்காரன் எதற்கு, பட்டணத்தில் இருந்து தகரத் தட்டுகளில் சாப்பாடு எடுக்கலாம் என்று தகப்பனை அரித்துக்கொண்டிருந்தான். காளை விற்பனை நாளன்று குழம்பில் ஒரு குறை வந்தாலும் ஆமி அண்ணை கோப்பை கழுவத் திரும்ப வேண்டியதுதான்.

காளை விற்பனை பண்ணைக்குத் திருவிழா மாதிரி. சுற்றுவட்டாரமே வரும், வந்தவர்களுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு. அந்த வருடம் பனிப்புயலால் ஒரு கிழமை தள்ளிவைத்து, விடுமுறை நாள், கூட்டம் வரும் என்று ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்தார்கள். காலையில் பெரிய அண்டா கொதித்தது. அகப்பை என் பக்கம் திரும்பியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அண்ணை, இண்டைக்குப் பெரிய வெள்ளி."

"அதுக்கு?"

"மச்சம் மாமிசம் தொடேலாது."

வருடம் முழுதும் ஞாயிறு பூசை பார்க்காதவன்தான் நான். ஆனால் சிலுவைச் சாவின் நாளான பெரிய வெள்ளி வேறு கதை. அன்றைக்கு மன்னாரில் எங்கள் வீட்டுப் பூனைக்கே மீன் கிடைக்காது. ஒரு சொட்டுத்தானேடா என்று ஆமி அண்ணை கேட்டார். பிறகு, தானே கேட்டது தனக்கே பிடிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விடு. நான் பிறந்ததிலையிருந்து தொடாததை நீ ஒருநாள் தொடாட்டில் குடி முழுகாது," என்றார். முழுகப்போவது அவருடைய குடிதான்.

பண்ணை ஆட்களைக் கேட்கலாம் என்றேன். கேட்டால் எல்லாம் வெளிவந்துவிடும். கண்மதிப்பாகப் போடலாம் என்றேன். "குருட்டுச் சூடு சுடுறேல்லை," என்று அகப்பையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் உள்ளே வந்தார், பின்னால் மகன்.

ஆமி அண்ணை குதிக்கால் இரண்டையும் சேர்த்து நிமிர்ந்து நின்றார். தன் பட்டாளத்து ஆங்கிலத்தில், ஒரு தலைவனுக்கு நிலவரம் அறிவிப்பதுபோல் அறிவித்தார்: நான் மாடு தின்பதில்லை, ஒருநாளும் தின்றதில்லை, இவன் இன்றைக்குத் தின்ன மாட்டான், உப்பு நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மகன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. இத்தனை வருடமும் வாயில் வைக்காமலா எனக்குச் சமைத்தாய் என்று கேட்டார். ஆமி அண்ணை அகப்பையை நீட்டினார். கரண்டி தேடிய பெரியவருக்கு நான் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன். கயிறு இழுத்து இழுத்து மாட்டுத் தோலாகிப்போன அந்தப் பெரிய கை மெதுவாக நீண்டது. ஆமி அண்ணை தீர்த்தம் வார்க்கிறவர் மாதிரி வார்த்தார். எனக்குப் பூசையில் குருவானவரிடம் நன்மை அப்பம் வாங்கும் வரிசை ஞாபகம் வந்தது. பெரியவர் நக்கினார். யோசித்தார். கொஞ்சம் உப்பு, என்றார். ஒரு சிட்டிகை விழுந்தது. மறுபடி நீட்டினார், இப்போது சரி.

வெளியே போய், ஏலக்காரனின் ஒலிவாங்கியைப் பிடுங்கி, அல்பேர்ட்டாவிலேயே முதலாளியின் இறைச்சியைத் திருடித் தின்னாத ஒரே சமையற்காரன் என்னிடம்தான் இருக்கிறான் என்று ஊருக்கே சொன்னார். சிரிப்பு அடங்க நேரமானது. தகரத் தட்டுக் கதை அன்றோடு நின்றது.

நின்றுபோனது இன்னொன்றும் உண்டு. மறுநாள் முதல் பெரியவர் காலையில் கையை நீட்டிக்கொண்டு குசினிக்கு வரத் தொடங்கினார். ஒரு வாய்க்கு இரண்டு பேர் எதற்கு என்று மகன் கணக்குப் பார்த்தான். இந்தத் தடவை அவன் கணக்குச் சரி. வெயில் வருவதற்குள் நான் மொன்றியல் பஸ்ஸில் இருந்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, பெரியவர் இறந்துபோன கோடையில், ஆமி அண்ணை ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். மெட்ரோ வாசலில் கூட்டிவரப் போனேன். மகன் வேலையை விட்டு நிற்பாட்டிவிட்டானோ என்று கேட்டேன்.

"இல்லையடா. இருக்கச் சொன்னவன். தேப்பன் மாதிரி வந்து கையும் நீட்டினவன், பாவம்." படியேறி முடிந்ததும் பெட்டியைக் கீழே வைத்தார். "நல்லாயிருக்கு எண்டான். அடுத்த நாளும் நல்லாயிருக்கு எண்டான். எல்லா நாளும் நல்லாயிருந்தால் பேந்து நான் என்னத்துக்கு?"

ஆமி அண்ணை இப்போது இல்லை. அந்தக் குசினியும் இல்லையாம். தகரத் தட்டுகள் கடைசியில் வந்தேவிட்டன. முக்கோண இரும்பு எங்கே போனதோ.

போன ஞாயிறு நான் குளிசையை விழுங்கிக்கொண்டிருக்க, மனைவி அகப்பையோடு மகளிடம் போனாள். மகள் போனில் இருந்து கண்ணை எடுக்காமல் நக்கிவிட்டு, "சே பொன், அம்மா," என்றாள். பிரெஞ்சில் 'நல்லாயிருக்கு'. எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள். நான் கதிரையில் இருந்தபடியே மூக்கை உயர்த்திப் பார்த்தேன். உப்புக்கு மணம் இல்லைத்தான். ஆனாலும் ஒரு சிட்டிகை குறை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.