சொன்னாகளாம்

வாக்கியம் என்பது வரிசையாகக் கோத்த சொற்கள் அல்ல, ஒன்றுக்குள் ஒன்று அடங்கியது. மொழியியலின் அரிச்சுவடி அது. சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தின் செத்த உதாரணங்கள் எனக்கு ஆகாது. முதல் பெஞ்சு மாணவியிடம் ஒரு வாக்கியம் கேட்டேன்.

"அம்மா வேலைக்குப் போயிருக்காக, மிஸ்."

அதைக் கரும்பலகையில் எழுதிச் சுற்றிலும் கட்டம் போட்டேன். 'என்று அக்கா சொன்னாள்' என்று சேர்த்து இன்னொரு கட்டம். அக்கா சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், அதற்கும் ஒரு கட்டம். இப்படிப் போட்டுக்கொண்டே போகலாம், மனித மொழிக்கு இதில் எல்லை கிடையாது என்றேன். உள்ளே இருப்பது பொய்யாக இருந்தாலும், 'சொன்னார்' என்பது மெய்யாக இருக்கலாம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்போது ஜன்னல் அதிர்ந்தது.

இந்த ஊரில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பாதி வகுப்பு எழுந்து புகை எந்தப் பக்கம் என்று பார்த்தது, மீதி போனை எடுத்தது. நாரணாபுரம் பட்டாசு ஆலைகள் பக்கம். "சாப்பிட்டீகளா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். உயிரோடு இருக்கிறாயா என்று பெற்றவளிடம் எப்படிக் கேட்பது?

முதல் பெஞ்சுக்காரியின் அம்மா மட்டும் எடுக்கவில்லை. பிறகு அக்கா கூப்பிட்டாள். பேசிவிட்டு மாணவி என்னிடம் வந்தாள்.

"வெடிச்சது அம்மா இருந்த ரூமுதான்னு கம்பெனி போர்மேன் அக்காகிட்ட சொன்னாராம். ஆனா அவரு நேர்ல பாக்கலியாம், மிஸ். யாரோ சொன்னாகளாம்."

அந்தச் 'சொன்னாகளாம்' என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "யாரோ தப்பாக்கூடச் சொல்லிருக்கலாம்ல, மிஸ்?" என்று பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். நான் நடத்திய பாடத்தை என்னிடமே ஒப்பித்தாள். ஆமாம்மா, ஆமாம்மா என்றேன். ஆண்டவரே, இன்னும் நாலு கட்டம் கூடட்டும் என்று வேண்டினேன். பாடம் நடத்திய என் வாயின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் போர்மேன் நின்றார்.

"நீங்க பாத்தீகளா?"

"இல்ல தாயி. லோடு வண்டி டிரைவர்தான் சொன்னாரு."

டிரைவர் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் கேட்டாள். "நர்சம்மா சொன்னாக" என்றார். நர்ஸிடம் போய்க் கேட்டாள். அவர் பிணவறைக் கதவைத் திறந்துவிட்டார்.

என்னை உள்ளே விடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள். யாரும் சொன்னதாக அவள் சொல்லவில்லை.

"எங்கம்மாதான், மிஸ்."