நாலாம் நம்பர் மலையில் பேர் சொன்ன குரல்

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினாறு வருஷமாக ஹட்டனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். திருவிழாவில் யாருக்காவது சாமி வந்து ஆடினால் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள், நான் மட்டும் "ஆடி முடிஞ்சதும் ஒருக்கா பிரஷர் பாத்துக்கங்க" என்று சொல்லி அம்மாவிடம் ஏச்சு வாங்குவேன். ஆகவே இதைக் கேட்டதும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மற்றவர்களை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் என் சிநேகிதி நஸ்ரினுக்கும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. நஸ்ரின் பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு இருப்பவள், தலவாக்கலையில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறாள். வெயிலில் தோல் வெந்துபோய் களிம்பு வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஓர் இடத்தில் சின்ன டப்பா ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு அந்த இடத்தின் புள்ளியை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப் போய், டப்பாவுக்குள் இருக்கும் தாளில் நம் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பிள்ளை விளையாட்டுத்தான், ஆனால் பிடித்துக்கொண்டால் விடாது.

எங்கள் பக்கம் டப்பாக்கள் குறைவு, இருந்ததும் மழையில் ஊறிப்போயிருந்தன. அதனால் நாங்களே வைக்க ஆரம்பித்தோம். எங்கள் டப்பாவுக்குப் பக்கத்தில் கட்டாயம் பழைய கல் ஒன்று இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நானுஓயாவில் ஒரு மைல்கல்லைத் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். வட்டவளையில் பாலம் கட்டின வருஷம் பொறித்த கல் வாழைமரத்துக்குப் பின்னால் கிடந்தது. ஒரு துரை தன் நாய்க்கு வைத்த கல்கூடக் கிடைத்தது, பளபளவென்று, ஓர் எழுத்துக் குறையாமல். ஞாயிற்றுக்கிழமைகளில் நஸ்ரினின் ஸ்கூட்டியில் இப்படித் திரிவோம். அட்டை கடிக்காத ஞாயிறு கிடையாது.

தலவாக்கலைக்கு மேலே ஏறுகிற ஒரு தோட்ட ரோட்டில் அந்தக் கல்லைக் கண்டோம். முழங்கால் உயரம் இருக்கும், ரோட்டோர மண்மேட்டில் பாதி புதைந்து பாசி ஏறிக் கிடந்தது. நாங்கள் பார்த்த கற்களில் தமிழ் எழுத்து இருந்தது அது ஒன்றில்தான். படித்த கை வெட்டின எழுத்து இல்லை அது. யாரோ உளியை வைத்துக் கஷ்டப்பட்டுக் குத்தியது மாதிரி இருந்தது. பெயர்கள் என்று மட்டும் தெரிந்தது. நான் படம் எடுத்து இணையத்தில் போட்டேன்.

ரெண்டு வாரத்தில் அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சுப்பையா எனக்குப் போன் எடுத்தார். அந்த ரோட்டை வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனவர்களுக்கு, கூட வேலை செய்தவர்களே வைத்த கல்லாம்.

"ரோட்ட அகலமாக்கப் போறாங்க தங்கச்சி. செவ்வாய்க்கிழமை மண்ணு வெட்டுற பெக்கோ வந்துரும். கல்ல நாங்க எடுத்துருவோம், ஆனா அது தாங்குமான்னு தெரியல, ஏற்கனவே வெடிச்சுப் போயிருக்கு. ஒடைஞ்சிட்டா பேரு போச்சு. நீங்க எழுத்த வாசிப்பீங்கன்னு சொன்னாங்க. வாசிச்சுக் குடுத்தீங்கன்னா கோயில்ல புதுக் கல்லு வச்சுருவோம்."

பிறகு கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அவர் அப்பாவின் பாட்டி அந்த மண்சரிவில் போனவள்தானாம். வீட்டில் வருஷா வருஷம் அவளுக்குப் படையல் வைக்கிறார்கள். ஆனால் பெயர் யாருக்கும் தெரியாது. "முசிறிப் பக்கத்து ஆளுன்னு மட்டும் தெரியும். பேரில்லாமத்தான் கும்புடுறோம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனோம். பின்னேரம் மூன்று மணி இருக்கும். நன்றாக வெளிச்சம் இருந்தது, அதை நீங்கள் கவனிக்க வேண்டும், இருட்டில் எதையோ பார்த்துப் பயந்த கதை இல்லை இது. வளைவில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நஸ்ரின் அங்கேயே நின்றுகொண்டாள், கடைக்குச் சாமான் போடுகிறவரோடு போனில் பேச வேண்டியிருந்தது. நான் முப்பது அடி மேலே ஏறிப் போய்க் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பழைய பல் பிரஷ்ஷை நனைத்துப் பாசியை எடுத்தேன். அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால் பள்ளமான எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். நாங்கள் எப்போதும் செய்கிற வழிதான் அது.

எழுத்து எழும்பியது, ஆனால் பாதிப் பாதியாக. அதற்குள் பனியும் இறங்கிவிட்டது. நம் ஊர்ப் பனிதான் உங்களுக்குத் தெரியுமே, ஐந்து நிமிஷத்தில் கையை நீட்டினால் விரல் தெரியாது. எனக்கு அது புதிதில்லை, கல் தெரிந்தது, அது போதும் என்று வாய்விட்டே வாசித்துக்கொண்டிருந்தேன்.

"மூ... மூக்கன்."

"மூக்கன் இல்ல. மூக்காயி."

மேலே தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். வயதான அம்மா ஒருத்தியின் குரல், சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சொல்கிற மாதிரி. கொழுந்து எடுக்கிற அம்மா யாரோ என்று நினைத்தேன். நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்குத் துளிப் பயம்கூட இல்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை, பார்த்தாலும் பனியில் என்ன தெரியப் போகிறது.

"மூக்காயியா? சரிங்கம்மா. ஒங்களுக்கு இந்தக் கல்லு தெரியுமா?"

"தெரியும். அடுத்தது சடையன், தொறையூரு. எழுதிக்க."

நான் எழுதினேன். தாளில் பார்த்தால் 'ச'வும் 'ன்'னும் இருந்தன, சரியாகத்தான் இருந்தது. அடுத்தது பேச்சி. அடுத்தது முனியாண்டி. ஒவ்வொரு பெயருக்கும் ஊர் சொன்னது அந்தக் குரல், அவசரமில்லாமல், நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து. கல்லில் ஏழு வரி. ஏழாவது பெயரையும் எழுதிவிட்டு, "இதோட சரிங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு பேரு இருக்காங்கல்ல."

"கல்லுல ஏழுதானேம்மா இருக்கு?"

"கீழ இருக்காங்க. எழுதிக்க. சின்னக்கண்ணு, கொளித்தல. வீராயி, முசிறி."

கீழே என்றால் கீழே லயத்து வரிசை வீடுகளில் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்து ஆட்கள் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள், அதைச் சொல்கிறாள் என்று. முசிறி என்றதும் சுப்பையா தலைவர் ஞாபகம் வந்து எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"நீங்க எந்த லயம்மா? தலைவர்ட்ட சொல்லணும், பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன்.

பதில் வரவில்லை. பனி வந்த மாதிரியே விலகியது. மேலே பார்த்தேன். அந்தச் சரிவை நாலாம் நம்பர் மலை என்பார்கள், அது முழுக்கக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள், ஏறும்போது கல்லையே பார்த்து வந்ததில் நான் கவனிக்கவில்லை. உங்களுக்குப் புரிகிறதா, செடியெல்லாம் முழங்காலுக்குக் கீழே வெட்டி வெறும் குச்சியாக நிற்கிறது, ஓர் இலை கிடையாது. பறிக்கக் கொழுந்தும் இல்லை, ஒளிய இடமும் இல்லை. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை, வேலையே கிடையாது. உச்சிவரை தெரிந்தது, ஒரு காகம்கூட இல்லை.

அப்போதும் நான், அந்த அம்மா விறகுக்கு வந்திருப்பாள், அந்தப் பக்கம் இறங்கியிருப்பாள் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நஸ்ரின் வேகமாக ஏறி வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தாள், மேலே மலையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கும் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டிச்சு. வா போவோம்."

என் பையை எடுத்துக்கொண்டு அவளே முன்னால் இறங்கினாள். டப்பா வைக்கக்கூட விடவில்லை.

அன்று சாயங்காலமே ஒன்பது பெயரையும் எழுதிப் படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்மசியில் ஆள் நிறைய நிற்கும்போது அவருடைய போன்.

"தங்கச்சி, கல்ல எடுத்துட்டோம். ரெண்டு துண்டாப் போச்சு, ஆனா எடுத்துட்டோம். ஒண்ணு கேக்கவா? நீங்க அதத் தோண்டிப் பாத்தீங்களா?"

"இல்லிங்களே. ஏங்க?"

"மண்ணுக்குள்ள ரெண்டு சாண் எறங்கியிருந்திச்சு. அதுலயும் எழுத்து இருக்கு. மண்ணுக்குள்ள இருந்ததால நல்லாத் தெரியுது. சின்னக்கண்ணு, கொளித்தல. வீராயி, முசிறி." கடைசிப் பெயரை ரெண்டு தடவை சொன்னார். "நீங்க ஞாயித்துக்கிழமையே அனுப்பிட்டீங்களே, எப்பிடிங்க?"

கையில் யாருடைய மருந்துச் சீட்டோ இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே வெளியில் இருந்த கல் வரைக்கும்தான் நான் தாள் வைத்தேன். புல்வேரும் மண்ணும் இறுகிக் கிடந்த இடம் அது, விரல் வைக்க முடியாது.

"தாளுல லேசாத் தெரிஞ்சிச்சுங்க" என்று சொன்னேன். பொய்தான். வேறு என்ன சொல்வது?

கோயிலில் புதுக் கல் வைத்த அன்று போயிருந்தேன். சுப்பையா தலைவர் ஒன்பது பெயரையும் சத்தமாக வாசித்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும் வாசிக்க முடியாமல் நின்றுவிட்டார், அவர் மகள் வந்து வாசித்து முடித்தாள். வீராயி, முசிறி. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்த வயதான அம்மாவைப் பற்றி அங்கே நாலு பேரிடம் விசாரித்தேன். அப்படி யாரும் இல்லை என்று சொன்னார்கள். நல்லது நடந்திருக்கிறது, அதற்கு மேல் எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன். நிஜமாகவே எனக்குப் பயமில்லை, ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது.

நஸ்ரின் வரவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் வருவதில்லை. கடை, பிள்ளைக்கு வகுப்பு, மழை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் கழிந்து, நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சமையலறையில் நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் இருக்கையில் நானே கேட்டேன். "நஸ்ரின், அன்னைக்கு அந்த அம்மா பேசினத நீயும் கேட்டதானே, ஏன் அதப் பத்திப் பேசவே மாட்டேங்குற?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அம்மாவா? நான் எந்த அம்மா பேசியும் கேக்கல திலகா. ரெண்டும் உன் குரல்தான்."

"என்ன சொல்ற?"

"நீ கேள்வி கேட்ட. பதிலும் நீதான் சொன்ன. சரி, இவ தனியாப் பேசி வாசிக்கிறான்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம் பாத்தா, கேள்வி கல்லுப் பக்கமிருந்து வருது, பதில் மேல தேயிலைக்குள்ள இருந்து வருது. நீ மேல ஏறிட்டன்னு நெனச்சேன். பனி வெலகினப்போ நீ கல்லுக்கிட்டத்தான் நின்ன. அல்லாவே, அதனாலதான் ஒடனே போவோம்னேன்."

நான் கேட்டது எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு கிழவியின் குரல், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"என் குரலேதானா? அப்பிடியேவா?" என்று மட்டும் கேட்டேன்.

"உன் குரல்தான். கொஞ்சம் வயசான மாதிரி" என்றாள்.

அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல்தான் இருந்தேன். பனியில் சத்தம் திரும்பி வரும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, பயந்தவள் காதில் எப்படி வேண்டுமானாலும் விழும். ஆனால் அந்த ரெண்டு பெயருக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை, இன்றைக்கும் இல்லை.

போன மாதம் எனக்குக் கடுமையான தடிமன். தொண்டை கட்டிப்போய் பேச்சே வேறு மாதிரி, கரகரவென்று, இழுத்து இழுத்து வந்தது. நஸ்ரினிடம் பொத்தான் ரெண்டு டசன் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது, எழுதச் சோம்பல்பட்டு வாட்ஸ்அப்பில் குரலில் பதிந்து அனுப்பினேன். வேறொன்றும் இல்லை, பொத்தான் விஷயம்தான், பத்து வினாடி இருக்கும்.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. எழுத்தில்.

"திலகா, இத அழிச்சிரு. இனி எனக்குக் குரல் அனுப்பாத. அன்னைக்கு மேல இருந்து கேட்டது இதேதான்."

தடிமன் ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. தொண்டை மட்டும் இன்னும் பழையபடி ஆகவில்லை.