எல்லப்பண்ணன் வந்து சேராத ஞாயிறு

அன்பானவர்களே, இரண்டு கையையும் கூப்பி உங்களை வாழ்த்துகிறேன். இந்த இரண்டு கையும் ஒன்றாகச் சேருகிறதே, அதுதான் என் சாட்சி.

போன வருஷம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நான் குப்புற விழுந்து கிடந்தேன். வாய் நிறைய மண். கழுத்துக்குக் கீழே என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நடுவர் விசிலை நீளமாக ஊதினார். நான் அதைக் கடைசி எக்காளம் என்றே நினைத்தேன். பரலோகத்தில் இவ்வளவு புழுதி இருக்குமா, இல்லை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்களா என்று ஒரே குழப்பம்.

என் பெயர் டேனியல். தொழில் கபடி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் பள்ளிக்கூடத்திலேயே வாசலை அடைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டேன். வேகமாக ஓட வராது, தாவ வராது. பிடித்தால் மட்டும் விடமாட்டேன். அதற்காகவே கம்பி செய்யும் ஒரு ரோலிங் மில் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் அரை ஷிஃப்ட், ஊர் ஊராகப் பந்தயம். என் இடம் கார்னர். பாடிக்கொண்டு வருகிறவனின் கணுக்காலைக் கவ்விப் பிடித்து, என் ஆட்கள் எல்லாரும் அவன்மேல் விழுகிற வரை அடியில் கிடக்க வேண்டும். கைதட்டல் எல்லாம் பாடிப் போகிறவர்களுக்கு. உதை எனக்கு. இத்தனை வருஷத்தில் என் புகைப்படம் பேப்பரில் வந்தது ஒரே ஒரு தடவை. அதிலும் தெரிந்தது என் முதுகு.

அன்று நடந்தது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான பந்தயம். வழக்கம்போலப் பாய்ந்து காலைப் பிடித்தேன். பக்கத்தில் ஆடிய என் நண்பன் முனுசாமி வழக்கம்போல வந்து விழுந்தான். எதிராளி நகர்ந்துவிட்டதால், அவனுடைய மொத்த உடம்பும் என் பின்கழுத்தில் இறங்கியது.

எங்கள் பக்கத்துக் கபடியில் டாக்டர் கிடையாது, எல்லப்பண்ணன் உண்டு. சுளுக்கு எடுப்பவர். யாருக்காவது கழுத்துப் பிடித்துக்கொண்டால் பின்னால் வந்து உட்காருவார். தாடையில் ஒரு கை, மண்டையில் ஒரு கை. "உன் மாமியாள நென" என்பார். நாம் சிரிக்கிற நேரம் பார்த்துப் படக்கென்று ஒரு திருப்பு. எழுந்து போய் அடுத்த ஆட்டம் ஆடுவோம். அந்தக் கைமேல் நான் வைத்திருந்த விசுவாசத்தில் கால்வாசியை ஆண்டவர்மேல் வைத்திருந்தால், இந்நேரம் நான் உபதேசியார் ஆகியிருப்பேன்.

ஆகவே நான் ஜெபித்தேன். என்னைக் குணமாக்கும் என்றா? இல்லை. என் பாவங்களை மன்னியும் என்றா? ஞாபகமே வரவில்லை. "ஆண்டவரே, எல்லப்பண்ணனை அனுப்பும். சீக்கிரம் அனுப்பும்." இதுதான் முழு ஜெபம். இதையே கண்ணீரோடு திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முனுசாமி அவருக்குப் போன் போட்டான். அவர் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் மகளை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, எங்க கீற?"

"ரயில்வே கேட்டாண்டதாம்பா. கூட்ஸு ஒண்ணு குறுக்க நின்னுக்கினு நவுர மாட்டேங்குது. பேஜாரா கீது. நான் வர்ற வரைக்கும் எவனும் கைய வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

முனுசாமிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன் பண்றத எவ்ளோ தபா பாத்துக்கிறேன். நானே எடுத்துடறன்டா" என்று என் தலைப்பக்கம் உட்கார்ந்தான்.

"டேய், மேல உயுந்தது பத்தாதா உனுக்கு? தொட்ட, செத்து ஆவியா வந்து உன்னப் புடிச்சிக்குவேன். அப்பறம் உடமாட்டேன், தெரியுமில்ல?"

அவன் பயந்து கையை எடுத்துவிட்டான். நான் ஆவியாக வருவேன் என்பதைவிட, விடமாட்டேன் என்பதை அவன் முழுமையாக நம்பினான்.

அதற்குள் என் மனைவி எஸ்தர் ஓடி வந்துவிட்டாள். என் காலைக் கிள்ளினாள். "தெரியுதா?" என்றாள். "எத?" என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. சத்தம் போட்டு அழுதேன். கூட்ஸ் வண்டியைத் திட்டினேன், ரயில்வேயைத் திட்டினேன், கடைசியில் ஆண்டவரையே, "ஒரு கேட்டைத் திறக்க முடியாதா உம்மால்?" என்று கேட்டேன். எஸ்தர் என் வாயைப் பொத்தினாள்.

முதலில் வந்தது ஆம்புலன்ஸ்தான். கழுத்தில் பட்டை கட்டி, பலகையில் வைத்து ஏற்றினார்கள். கதவு மூடுகிற நேரத்தில் எல்லப்பண்ணனின் வண்டிச் சத்தம். கண்ணாடியை டமடமவென்று தட்டினார். "ஏம்பா, கீய எறக்கு அவன! ஒரே திருப்புதான், நடந்து ஊட்டுக்குப் போவான்!"

"இறக்குங்க சார்" என்று உள்ளே நான் கெஞ்சினேன். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. சென்னை போய்ச் சேரும் வரை நான் ஆண்டவரோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "யாராவது கழுத்தத் திருப்பினாங்களா?"

"இல்ல சார். அவர் வர லேட்டாயிடுச்சி."

"எவரு?"

சொன்னேன். டாக்டர் படத்தைக் காட்டினார். கழுத்து எலும்பு ஒன்று விலகி, தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டு நின்றது. "நரம்பு இன்னும் அறுந்து போகல. இதுமேல ஒரு திருப்பு திருப்பியிருந்தா ஆயுசுக்கும் படுக்கைதான். மூச்சே நின்னிருக்கலாம்" என்றார்.

நான் இத்தனை அழுது கேட்டது என் சாவையா?

ஆபரேஷன் நடந்தது. பல வாரம் கழித்து முதலில் கால் விரல் அசைந்தது, கடைசியாக இடது கை வந்தது. கபடி போயிற்று. ஒருநாள் எல்லப்பண்ணன் பார்க்க வந்தார். டாக்டர் சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. கட்டிலுக்குத் தூரமாகவே நின்றார். "நான் மட்டும் நேரத்தோட வந்துருந்தா உன்ன முடிச்சிருப்பேனேடா" என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதார். "நானும்தாண்ணா உன்ன வரச்சொல்லி வேண்டிக்கினேன். ரெண்டு பேரும் தப்பிச்சோம்" என்றேன். இப்போது எந்தப் பந்தயத்திலும் கழுத்தில் அடிபட்டவனை அவர் தொடுவதில்லை, மற்றவர்களையும் தொட விடுவதில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை பக்கத்திலேயே காவல் நிற்கிறார்.

அந்தக் கூட்ஸ் வண்டியை எனக்காகத்தான் ஆண்டவர் நிறுத்தினாரா? அப்படியானால் கேட்டில் காத்துக் கிடந்த மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? போதகரிடம் கேட்டேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. நான் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை, நான் பிழைத்திருக்கிறேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன்.

பிரியமானவர்களே, கேளுங்கள். என்ன கேட்பது என்று புரியாவிட்டாலும் தைரியமாகக் கேளுங்கள், என்னைப்போல முட்டாள்தனமாகவாவது கேளுங்கள். எதைத் தரக்கூடாது என்று அவருக்குத் தெரியும். மில்லில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று வேண்டும் என்று இப்போது ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை அவரைத் திட்டாமல் காத்திருக்கிறேன். அதாவது, பெரும்பாலான நாட்களில்.