வளர்ப்பு விலை

மலேசியாவின் பேராக்கில், செமோருக்கு வெளியே, முன்பு ரப்பர்ப் பால்மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அதன் ஓரத்தில் இன்னும் இடிபடாத பழைய லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மாடு வைத்திருப்பவர்கள் ஏழெட்டுக் குடும்பம். அவர்களிடம் ஒரு காளைக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று வெட்டு விலை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னொன்று வளர்ப்பு விலை. வாங்குகிறவன் காளையை அறுக்க மாட்டேன், எங்கேயோ ஒரு பட்டியில் விட்டு வளர்ப்பேன் என்று சத்தியம் செய்வான். அதற்காக விற்கிறவன் விலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வான். பாவம் நம் தலையில் விழாமல் இருக்க நாம் கொடுக்கிற தள்ளுபடி அது. அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

நான் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. இடைநிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவன். காம்பாரில் ஈயம் தோண்டிவிட்ட குட்டையில் மீன் வளர்த்த சீனனிடம் இருந்தேன். கோலா கங்சாரில் பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் நின்றேன். சிங்கப்பூரில் கட்டட வேலை, பிறகு கேமரன் மலையில் காய்கறி லோரி. ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கிற வரைக்கும் அக்காவின் வீட்டில் வந்து படுப்பேன். அவள் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. சாணி அள்ளு என்பாள். அள்ளுவேன்.

அக்காவின் புருஷன் ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை. மாடுகள் முழுக்க அக்காவின் பொறுப்பு. அவளிடம் இருந்த காளை, கால்நடை இலாகா ஆள் சினை ஊசி போட்டுப் பிறந்தது. சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம். அகலமான முதுகு, சின்னத் தலை. அதன் தாய் லயத்திலேயே அதிகம் கறந்த பசு. அதனால்தான் கன்றாக இருந்தபோதே பிறர் கேட்டும் விற்காமல் வைத்துக்கொண்டாள். அவள் கணக்குத் தப்பவில்லை. அந்தக் காளைக்குப் பிறந்த கிடேரிகள் முதல் ஈற்றிலேயே தங்கள் தாய்களைவிடக் கூடக் கறந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களும் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஒரு மூட்டை தவிடோ, கொஞ்சம் புண்ணாக்கோ கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் அதுவும் கொடுக்கவில்லை.

அதை விற்க வேண்டிய காரணமும் அதன் மகள்கள்தான். மூத்தவற்றை ஊசி போட்டே சினையாக்கினாள், ஆனால் இளையவையும் அடுத்தடுத்துப் பருவத்துக்கு வந்தன. அப்பன் காளையை மகள்களோடு விட்டால் கன்று நோஞ்சானாகப் பிறக்கும், பால் வற்றும். வேலிக்கு இந்தப் பக்கம் கட்டினால் அந்தப் பக்கம் அறுத்துக்கொண்டு போனது. இரண்டு தடவை செம்பனைக்குள் ஓடி, கம்பெனிக் காவலாளி வந்து கத்திவிட்டுப் போனான். இனி வைத்திருக்க முடியாது என்று அக்கா முடிவு செய்தாள். ஆனால் கறிக்குப் போகக்கூடாது. நல்ல விலையும் வேண்டும், ஏனென்றால் அந்தப் பணத்தில் கொட்டகைக்குப் புதுக் கூரையும், இலாகாவிடம் சொல்லி வேறு கன்றும் வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். வளர்ப்பு விலை என்றால் கம்மிதான் என்று, மழை மேலிருந்துதான் பெய்யும் என்பதைப் போலச் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பக்கத்து வீட்டு அண்ணன் தன் வெள்ளைக் காளையைத் தரகரிடம் வளர்ப்பு விலைக்குக் கொடுத்தார். வலது கொம்பு கீழே வளைந்து கண்ணை மறைக்கும் காளை அது. அப்போது நான் காய்கறி லோரியில் இருந்தேன். காம்பார் பக்கம் ஒரு கறி மொத்த வியாபாரியின் கொட்டடிக்கு எதிரே டயர் மாற்ற நின்றோம். உள்ளே அந்த வெள்ளைக் காளை நின்றது. அதே கொம்பு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தது. ஊருக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீ பார்த்தது வேறு மாடாக இருக்கும் என்றார். நான் மறுபடியும் கொம்பைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. தரகர் மேல் இல்லை, என் மேல்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தரகர் இவர்களை ஏமாற்றவில்லை. தெரியாமல் இருப்பதற்கு இவர்கள் அவருக்குக் கூலி கொடுக்கிறார்கள். காளையும் போய், பாதிப் பணமும் போய், கையில் ஒரு சத்தியம் மட்டும் மிச்சம்.

அந்தத் தரகர்தான் அக்காவின் காளைக்கும் வந்தார். நெற்றி நிறைய திருநீறு, தோளில் துண்டு, கோயில் நிர்வாகத்தில் ஒரு பதவி. காளையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். ஐயனார் குதிரை போல நிற்கிறது என்று அக்காவிடம் புகழ்ந்தார். தைப்பிங் பக்கம் ஒரு பட்டி இருக்கிறதாம், முப்பது பசுவுக்குக் காளை இல்லாமல் தவிக்கிறார்களாம். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

இங்கே மாட்டு விலை பேசுகிற முறை அது. இருவர் எதிரெதிரே நின்று கைகளைக் கோத்துக்கொள்வார்கள், மேலே துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை ஆயிரம். விரலின் நடுக் கணுவை அழுத்தினால் பாதி. சுற்றி நிற்கிறவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். வெளியே ஊரில் நாலு கண் பட்டு விலை கெடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். இதில் இன்னொன்று இருக்கிறது. பெண்பிள்ளை வேற்று ஆணின் கையைப் பிடித்துத் துண்டுக்குள் பேச முடியாது. அதனால் காளையைப் பிறந்த நாளிலிருந்து வளர்த்த அக்கா கொட்டகை வாசலில் நிற்க வேண்டும். அதற்குத் தவிடு வைக்கக்கூடத் தெரியாத நான் கையை நீட்ட வேண்டும். மச்சான் வேலையில் இருந்தார், அதனால் நான். பக்கத்து வீட்டு அண்ணன் சாட்சிக்கு வந்து நின்றார்.

தரகரின் கை குளிர்ந்து வழவழவென்று இருந்தது. மூன்று விரலைப் பிடித்தார். நாலாவது விரலின் கணுவை அழுத்தினார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்ச நாளே இருந்தது, அந்த உடம்புக்குக் கறிக்கு ஆறாயிரம் சுலபமாகப் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாசலில் நின்ற அக்காவுக்கும் தெரியும்.

நான் கையை உருவினேன். துண்டு சாணியில் விழுந்தது.

“அக்கா, மூவாயிரத்து ஐந்நூறுங்கிறாரு” என்றேன், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

பக்கத்து வீட்டு அண்ணன் பல்லைக் கடித்தார். துண்டுக்குள் சொன்ன விலையை வெளியே சொல்வது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று அவர் கண்ணே சொன்னது. தரகர் குனிந்து துண்டை எடுத்து உதறினார். “தம்பி ஊரு சுத்துன ஆளு. மொற தெரியல” என்றார் அக்காவைப் பார்த்து, இரக்கப்படுகிறவர் போல.

அக்கா வாசலைவிட்டு இறங்கி வந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தரகரைப் பார்த்தாள். “அண்ணே, ஒண்ணு கேக்குறேன். கறிக்குப் போனா இது என்ன வெல போவும்?”

“அந்தப் பேச்சு நம்ம வாயால வேணாம் தங்கச்சி.”

“ஆறாயிரம் போவும். வளக்குறவன் வாங்குனா அஞ்சு வருசம் கன்னு கிடைக்கும். பாலு கிடைக்கும். கடைசியில கறியும் அப்படியே நிக்கும், எங்கயும் ஓடிடாது. அப்ப வளக்குறவன்தான கறிக்காரனவிடக் கூடக் குடுக்கணும்? கொறச்சுக் கேக்குறவன் எதுக்கு வாங்குறான்?”

எனக்கு அந்தக் கணக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சட்டென்று எல்லாம் தலைகீழாக நின்றது. வளர்ப்பு விலை என்பது வெட்டு விலைக்கு மேலே இருக்க வேண்டியது. கீழே போனாலே பொய் தெரிந்துவிடுகிறது.

தரகருக்கு முகம் மாறியது. “அப்ப நீ வெட்டு வெல கேக்குற. நேராச் சொல்லு.”

“அதவிடக் கூடக் கேக்குறேன் அண்ணே. ஏழாயிரம்.”

அவர் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்துப் போனார். அண்ணன் எங்களைப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் நுழைந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் மன்னிக்கவில்லை. அக்கா கறி விலை கேட்டாள், காளையை அறுப்புக்குக் கொடுக்கப் போகிறாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. வெள்ளிக்கிழமைகளில் கோயில் அபிஷேகத்துக்கு அவள்தான் பால் கொடுப்பாள், பணம் வாங்காமல். அந்த வெள்ளிக்கிழமை பாலைத் திருப்பி அனுப்பினார்கள். நான் கோயிலுக்குப் போய்க் கேட்டேன். நிர்வாகத்து ஆள் ஒருவர் முகம் கொடுக்காமல், இனிமேல் கடையில் பெட்டிப்பால் வாங்கிக்கொள்கிறோம் என்றார். பெட்டிப்பால் எந்த மாட்டுப் பால், அந்த மாட்டுக்குப் பிறந்த காளைக்கன்றுகள் எங்கே போயின என்று கேட்டேன். வெளியே போ என்றார். போனேன். கை ஓங்கியிருந்தால் அக்காவுக்குத்தான் இன்னும் கேடு.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கத்தினேன். மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்றுகூடச் சொன்னேன், கோபத்தில். அவள் திரும்பி வந்த பாலைத் தயிருக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள். “கத்துறத விட்டுட்டு ஆளத் தேடு. நீதான் ஊரெல்லாம் சுத்துனியே” என்றாள்.

அது சரிதான். நான் எண்ணெய் நிலையத்தில் நின்ற நாளில், காலையில் பால் டின்களோடு வேனில் வந்து எண்ணெய் ஊற்றிப்போகும் மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். கோலா கங்சாருக்கு அப்பால் ஆற்றோரத்தில் பட்டி வைத்திருந்தார். மோட்டாரில் போய்த் தேடினேன். நரைத்திருந்தார், ஆனால் அதே வேன். காளையைச் சொன்னேன். அவர் காளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகள்கள் எவ்வளவு கறக்கின்றன என்று கேட்டார்.

மறுநாள் வந்தார். கறக்கிற நேரத்துக்கு வந்தார், வேண்டுமென்றே. மூன்று கிடேரிகளை அக்கா கறப்பதை நின்று பார்த்தார், மடியைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் காளையிடம் போனார். பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து அதன் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து எடையைக் கணக்குப் பார்த்தார், அந்த எண்ணை உரக்கச் சொன்னார், நாடாவை அக்காவிடமே நீட்டிப் பார்க்கச் சொன்னார். எத்தனையோ மாடு விற்ற லயத்தில் ஒரு பொம்பளையிடம் அளவைக் காட்டிய முதல் ஆள் அவர். கறிக்கு ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும் என்று அவரே சொன்னார். மகள்களைப் பார்த்துவிட்டதால் அதற்கு மேல் தருவேன் என்றார். அக்கா ஏழாயிரம் என்றாள். லோரிக் கூலி இருக்கிறது என்றார். ஆறாயிரத்து எண்ணூறில் நின்றது. எல்லாம் மலாயில், வெளிச்சத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கேட்க.

கைகுலுக்குகிற நேரத்தில் அக்கா அவரிடம் கேட்டாள், ஒருநாள் இதை அறுப்பீர்களா என்று. இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் வேண்டினேன். அந்த நிமிடம் நானும் பக்கத்து வீட்டு அண்ணன்தான்.

அவர் காளையைப் பார்த்தார். வேலைக்கு ஆகிற வரைக்கும் வைத்திருப்பேன், நாலைந்து வருடம் என்றார். பிறகு உடம்பு பெருத்துக் கால் தாங்காமல் போனால் அறுப்பேன், பொய் சொல்ல மாட்டேன் என்றார்.

அக்கா கொட்டகைக்குள் போனாள். காளையின் கழுத்துக்கடியில் தொங்கும் தோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலிக்கு அப்பால் நின்றவர்களில் யாரோ இருமினார்கள். அவள் திரும்பி வந்தபோது கண் காய்ந்துதான் இருந்தது.

அவரிடம் மலாயில் சொன்னாள், சரி என்று. பிறகு, “அன்னைக்கு எனக்குச் சொல்லச் சொல்லு” என்றாள் என்னிடம், ஏனோ தமிழில். நான் சொன்னேன். அவர் தலையாட்டி, அவளுடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். காளையின் பழைய கயிற்றை அவிழ்த்து அக்கா வைத்துக்கொண்டாள், அவர் தன் கயிற்றைக் கட்டினார். அந்த வழக்கத்தை மட்டும் நாங்கள் மாற்றவில்லை.

கூரை போட்டாயிற்று. கோயில் பாலைத் திரும்பக் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. கிணற்றடியிலும் கடையிலும் பெண்கள் குரலைத் தாழ்த்தி எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்பார்கள். அவள் தாழ்த்தாமல் சொல்வாள். அதுதான் இங்கே பெரிய குற்றமாகிவிட்டது.

நான் மறுபடியும் கிளம்பிப் போய், சில மாதம் கழித்து வந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு காளையைத் தரகரிடம் கொடுத்துவிட்டார் என்று அவர் பெண்சாதி அக்காவிடம் வந்து சொன்னாள். துண்டுக்குள்தான் பேசினார்களாம். ஆனால் இந்தத் தடவை ஐயாயிரத்து ஐந்நூறு. அந்த அளவுக் காளைக்கு அவர் முன்பு மூவாயிரத்துக்கு மேல் வாங்கியதே இல்லை. ஏன் ஏறியது என்று அவர் யோசித்திருக்க மாட்டாரா? யோசித்திருப்பார். அந்தச் சாயங்காலமே அவர் வேலியோரம் நின்று, என் காதில் விழவேண்டும் என்றே யாரிடமோ சொன்னார்.

“என்னுது நல்ல எடத்துக்கு வளக்கப் போயிருக்கு. சில பேரு மாதிரி நான் அறுப்புக்குக் குடுக்கல லா.”

நான் சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலியை நோக்கிப் போனேன். அக்கா கொட்டகைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். பசு பால் இறக்கியிருக்கிறது, வாளியை எடுத்து வா என்றாள். எடுத்துக்கொண்டு போனேன். அவள் கறந்த சத்தத்தில் அவர் பேச்சு கேட்கவில்லை. ஆனாலும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்.