நேர்ஸில் பேர் எழுத இடமில்லை

நன்கொடை கேட்கிற தொழிலுக்கு வெட்கம் இருக்கக்கூடாது. எனக்கு அது பிறவியிலேயே இல்லை. யாருடைய குரலும் எனக்கு வரும். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா திரிந்த என்னை எங்கள் தரும ஆஸ்பத்திரி மைக்கில் நம்பர் கூப்பிடவும் போனில் காசு கேட்கவும் பிடித்துப்போட்டது. உண்டியல் குலுக்கிய சகோதரர்களே, கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போது தரமாட்டேன். நன்கொடையாளர்கள் என்னைக் காக்க வைத்தமாதிரி நீங்களும் காத்திருங்கள்.

கேட்டது ஒரு ஆளின் சம்பளம். ஒப்பரேசனில் சேர்ஜனுக்குப் பக்கத்தில் நின்று உதவுகிற நேர்ஸ் மாலதி அக்காவுக்குக் கொடுக்க ஆஸ்பத்திரியில் காசில்லை. அவர் போனால் ஒப்பரேசன் தியேட்டருக்குப் பூட்டு. குடலிறக்கத்தால் வலை இழுக்க முடியாமல் மாங்கேணியிலிருந்து வந்து படுத்திருந்த கந்தையா அண்ணனும் வந்த வழியே போகவேண்டியதுதான்.

லண்டன் மாமா

எங்கள் ஆஸ்பத்திரியில் சீலிங் பேன், கதிரை, குப்பைவாளி எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் 'ஞாபகார்த்தமாக' என்று பேர் எழுதியிருக்கும். லண்டன் மாமா ஒருவரிடம் சம்பளக் கதையை உருக்கமாகச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

"தம்பி, பேன் எண்டா அப்பாட பேரைப் போடலாம். நேர்ஸில எங்க எழுதுவீங்க, முதுகிலயோ?"

வளைவு

குருக்கள்மடத்தில் ஒரு சங்கத் தலைவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வளைவு கட்டித்தருவதாக ஒற்றைக்காலில் நின்றார். தியேட்டரைப் பூட்டப்போகிற ஆஸ்பத்திரிக்கு வளைவு எதற்கு என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"மனே, நேர்ஸ் எண்டா லீவு எடுக்கும், கலியாணம் முடிச்சிப் போகும். வளைவு எங்க போகும்?"

சேர்ஜன் பேசுகிறேன்

பிறகு வெல்லாவெளி அரிசி ஆலை முதலாளிக்கு எங்கள் சேர்ஜனின் குரலில், அவரைப்போலவே செருமிக்கொண்டு, போன் எடுத்தேன். "ம்ஹும். நேர்ஸிட சம்பளத்தை நீங்க பொறுப்பெடுத்தா, ஒவ்வொரு ஒப்பரேசனுக்கும் முன்னுக்கு உங்கட பேரை ஸ்பீக்கர்ல சொல்லுவம்." நோயாளிக்கும் கேட்குமா என்றார். மயக்க ஊசிக்கு முதலே சொல்லுவோம் என்றேன். முழு வருசச் சம்பளமும் அவர் பொறுப்பாயிற்று.

"டொக்டர், ஊசியைக் கொஞ்சம் பிந்திப் போடுங்க, ஆள் வடிவாக் கேட்கட்டும்."

அறிவிப்பு

கந்தையா அண்ணனைத் தியேட்டருக்குள் கொண்டுபோன அன்று, முதலாளி பட்டுவேட்டியில் வந்து தியேட்டர் வாசல் வாங்குப் பலகையில் கண்ணை மூடிக்கொண்டு குந்தினார். நான் நம்பர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, மைக் அறைக் கண்ணாடியால் பார்த்தபடி சேர்ஜனாகச் செருமினேன். "ம்ஹும். இன்றைய சத்திரசிகிச்சையில் உதவும் தாதி, வெல்லாவெளி முதலாளி அவர்களின் அன்பளிப்பு." அவர் முகம் பூத்த பூப்பில் எனக்கும் உசார் ஏறிவிட்டது, அவருடைய அப்பாவின் பேரையும் சேர்த்துச் சொல்லி, பாட்டனாரின் பேருக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணி குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு அசல் சேர்ஜன் முதலாளி முன்னால் வந்து நின்றார். முதலாளி கண்ணைத் திறந்தார். சேர்ஜனின் வாயைப் பார்த்தார். மேலே ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"டொக்டர்ர வாய் மூடிக் கிடக்கு, மறுகா ஆரு கதைக்கிற? அடேய், நம்பர் கூப்பிடுற பொடியா!"

காசு வங்கியில், கந்தையா அண்ணன் ஒப்பரேசன் மேசையில், மாலதி அக்கா அவருக்குப் பக்கத்தில், நான் மைக் அறைத் தாழ்ப்பாளுக்குப் பின்னால்.